மாப்பிள்ளையின் சிவப்புக் கார்

1. போனில் சொன்னது

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முத்துசாமி அண்ணன் போன் செய்தபோது காலை ஏழு மணி இருக்கும்.

"பாய், காருல ஒரு சின்னக் கோடுங்க. தலமுடியாட்டம். சாயங்காலத்துக்குள்ள மறையோணுங்க."

"எதையாவது போட்டுத் தேச்சீங்களாண்ணா?"

"சேச்சே, கையே வெக்கலீங்க."

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருபத்தெட்டு வருடம் கார்களுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன். இப்போது ஆறு வருடமாக வீடுகளுக்கே போய்க் கோடு எடுத்துக் கொடுக்கிறேன். எதையும் தேய்த்துப் பார்க்காமல் என்னைக் கூப்பிட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே அவர் சொன்னதை நம்பாமல், ஸ்பிரே கன், சின்ன கம்ப்ரசர், பெயின்ட் எல்லாவற்றையும் என் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு ஆட்டையாம்பட்டி வழியாகப் போனேன்.

2. புதினா வாசனை

மக்காச்சோள மூட்டைகள் அடுக்கிய தகரக் கொட்டகையில் கார் நின்றது. நல்ல சிவப்பு. பக்கத்தில் போனதும் புதினா வாசனை அடித்தது. பின் கதவின் கைப்பிடிக்குக் கீழே எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணா, டூத் பேஸ்ட்டு போட்டீங்களா?"

"கொஞ்சூண்டுங்க."

தண்ணீர்த் தொட்டியருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி சரசு அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்: "முழு ட்யூபுங்க பாய். இன்னிக்கு ஊட்டுல ரெண்டு பேரும் உப்புலதான் பல்லு வெளக்குனோம்."

விரலால் தொட்டேன். வழுக்கியது. "தேங்காயெண்ணெயும் போட்டிருக்கீங்க."

"செல்லுல ஒருத்தன் அப்படித்தானுங்க போட்டுக் காட்டுனான். பளபளன்னு வந்துச்சுங்க அவனுக்கு."

ஈரத்துணியால் துடைத்ததும் அதற்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாகக் கீறல் தெரிந்தது. நடுவில் சிவப்பே போய் வெளிறிக் கிடந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மூட்டைகளைப் பார்த்தார்.

"சட்டி வெளக்கற கம்பி நாருங்க," என்றார் அக்கா. "வேண்டாம் வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அடி புடிச்ச சட்டியே வெளுக்குது, இது வெளுக்காதான்னு கேட்டாருங்க."

"வெளுத்துச்சுல்ல?" என்றார் அண்ணன்.

இந்த இடத்தில் இளைய தொழிலாளர்களுக்கு ஒரு விஷயம். கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காமல் போனால் கோடு மேலே இருக்கிற கண்ணாடிப் பூச்சில், அதாவது கிளியர் கோட்டில், மட்டும்தான் இருக்கிறது. காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசையை வைத்து நிதானமாகத் தேய்த்தால் போய்விடும். நகம் தடுக்கினால் பெயின்ட் வேண்டும். அண்ணனுடைய முதல் கோடு முன் கதவிலிருந்து பின் கதவு வரை நீளமாக இருந்தது. ஆனால் நகம் எங்கேயும் தடுக்கவில்லை. அரை மணி நேர வேலை. இரண்டு நாளாக அவர் பட்ட பாடுதான் அதைப் பெயின்ட் வேலையாக்கியிருந்தது.

3. கேட் தாழ்ப்பாள்

இவ்வளவு பயம் எதற்கென்று டீ குடிக்கும்போதுதான் தெரிந்தது. மகள் கவிதாவுக்குக் கல்யாணமாகி இருபது நாள். மாப்பிள்ளை கார்த்தி காரை மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரயிலில் ஊர் சுற்றப் போயிருந்தார். போகும்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மாமா, வண்டிய மட்டும் எடுக்காதீங்க."

"பேட்டரி எறங்கிப் போகும்ல பாய்? அதுனால டீக்கடை வரைக்கும் எடுத்தேனுங்க. போறப்ப ஒண்ணுமில்ல. வாரப்ப கேட்டுத் தாழ்ப்பா நீட்டிக்கிட்டு நின்னுருச்சுங்க."

"தாழ்ப்பா எப்பவும் அங்கதான் நிக்குது," என்றார் அக்கா. "மாப்பளகிட்ட உள்ளதச் சொல்லீருங்கன்னு ரெண்டு நாளாச் சொல்றேன்."

"இருபது நாள்ல மாமனாரு பேரு கெட்டுப் போகோணுமா? நீ சும்மா இரு."

சாயங்காலம் விருந்துக்கு இருவரும் வருகிறார்கள். அதற்குள் கதவு பழையபடி ஆக வேண்டும். இப்படித் தூசி பறக்கிற இடத்தில் ஸ்பிரே அடிப்பதில்லை என்பது என் கொள்கை. முடியாது என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கிற மனிதர். கையை விடவே இல்லை. ஒத்துக்கொண்டேன்.

4. ஏழு சேலைகள்

கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினோம். கதவைச் சுற்றிலும் மறைப்புக்குத் துணி வேண்டும் என்றேன். அக்கா ஏழு சேலைகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். "இது எங்கம்மா எடுத்தது, மேல பெயின்ட்டு படக்கூடாது. இது இவரு எடுத்தது, பட்டாப் பரவால்லீங்க."

கதவில் ஒட்டியிருந்த எண்ணெயைப் போக்கவே ஒரு மணி நேரம் ஆனது. நீளக் கோட்டைக் காம்பவுண்ட் வைத்து எடுத்தேன். வெளிறிய இடத்தை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிரைமர் அடித்து, சிவப்பை மூன்று பூச்சாக மெல்ல அடித்தேன். கடைசியில் கிளியர் கோட். சேலைகளுக்கு நடுவே அந்தக் கதவு ஈரமாக மின்னியது. அண்ணன் சேலையை விலக்கி எட்டிப் பார்த்து, "கோயிலுக்குள்ள நிக்கற மாதிரி இருக்குதுங்க பாய்," என்றார்.

"அண்ணா, ஒரு மணி நேரம் யாரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. தொடக்கூடாது, ஊதக்கூடாது," என்று சொல்லிவிட்டுக் கை கழுவத் தொட்டிக்குப் போனேன்.

கையில் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து லாரி கிளம்புவது போலச் சத்தம் கேட்டது. ஓடினேன். மக்காச்சோளம் தூற்றுகிற ஆளுயர ஃபேனைக் காருக்கு நேரே திருப்பி வைத்து அண்ணன் சுவிட்சைப் போட்டிருந்தார். ஏழு சேலைகளும் கூரையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. போன அறுவடைத் தூசி, உமி, ஒரு கோழி இறகு எல்லாம் ஈரக் கதவில் போய் ஒட்டியிருந்தன.

"காத்துப் பட்டா வெரசாக் காயும்னுங்க..." என்றார்.

ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினேன். ஈரத்தில் தொட்டால் சிவப்பும் சேர்ந்து வந்துவிடும். காயவிட்டு, மறுநாள் தேய்த்து, மறுபடி அடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாயங்காலம் வரவேண்டியவர்கள் மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள்.

5. யாருடைய கார்

அண்ணன் அவசரமாக ஒரு சேலையைக் கதவின் மேல் போடப் போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதுவும் ஒட்டிக்கொண்டால் பிறகு மாப்பிள்ளைக்குக் காரும் இருக்காது, அக்காவுக்குச் சேலையும் இருக்காது.

சரசு அக்கா யாரையும் கேட்கவில்லை. "வாங்க சாமி," என்று மாப்பிள்ளையை நேரே கொட்டகைக்குக் கூட்டிவந்து, டீக்கடை, தாழ்ப்பாள், பேஸ்ட்டு, எண்ணெய், கம்பி நார், ஃபேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

கார்த்தி கதவைப் பார்த்தார். அப்படியே ஒரு சோள மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, தப்புத்தானுங்க. நான்..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"மாமா, அதில்லீங்க. இது என்ற வண்டியே இல்லீங்க. எங்கண்ணன் வண்டிங்க."

அண்ணன் காரையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க இதுல வந்தனுங்களா? தரகரு மாப்பளைக்குச் சொந்தக் காருன்னு சொல்லீட்டாருங்க. நானும் இல்லீன்னு சொல்லாம இருந்துட்டேன். எனக்கு பைக்குதானுங்க மாமா."

அண்ணன் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு முன்னமே தெரியும்ப்பா," என்றாள் கவிதா. "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லீட்டாரு. நான்தான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னேன்."

அண்ணன் கோபப்படப் போகிறார் என்று நினைத்து, நான் என் பெட்டியை மூடத் தொடங்கினேன். அவரோ மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அதே மூட்டை மேல் உட்கார்ந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்கண்ணன் ரொம்பக் கோவக்காரருங்களா?"

"ரொம்பங்க மாமா."

"அப்ப ரெண்டு பேருமாச் சொல்லீருவோம். ஒருத்தனாத் திட்டு வாங்கறதுக்கு ரெண்டு பேரா வாங்குனா தேவல."

அங்கேயே ஸ்பீக்கர் போட்டுப் பேசினார்கள். கார்த்தியின் அண்ணன் ஐந்து நிமிடம் கத்தினார். பிறகு, "எவன்டா கம்பி நாரு போட்டுத் தேச்சது?" என்று கேட்டார். முத்துசாமி அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினார். கார்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தாண்ணா," என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

அன்றைய விருந்தில் எனக்கும் இலை போட்டார்கள். மாமனார் தன் இலையிலிருந்த வடையை எடுத்து மாப்பிள்ளை இலையில் வைத்ததை நான் பார்த்தேன்.

6. நான் கற்றது

மறுநாள் காரை நான் முன்பு வேலை பார்த்த செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி, அங்கே மூடிய கூடத்தில் வைத்து முறையாக அடித்துக் கொடுத்தேன். நன்றாக வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பேஸ்ட்டு, நார், ஃபேன் பற்றியெல்லாம் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அன்று பெரிய தப்பைச் செய்தவன் நான். உடையவனுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, வண்டி உண்மையில் யாருடையது என்றுகூடக் கேட்காமல் கம்ப்ரசரை ஓடவிட்டேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், "வண்டி யாருதுங்க, அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறேன். பல வீடுகளில் பதில் உடனே வருவதில்லை. உள்ளே போய்க் கிசுகிசுவென்று பேசிவிட்டு வருவார்கள். அதுவரைக்கும் நான் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பேன்.