பதினொரு சென்டிமீட்டர்

வெண்ணிலாவுக்கு நீந்தத் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் அவள் நனைந்ததும் இல்லை. ஆனால் கானாங்கெளுத்தியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்தக் கரையில் வேறு யாருக்கும் தெரியாது என்று மீனவர்களே சொல்வார்கள். பாதி கிண்டலாகவும் பாதி நிஜமாகவும்.

அவள் மயிலத்துக்கு மேற்கே ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா முருகையனும் அம்மா கோவிந்தம்மாளும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியும் களை எடுத்தும் அவளைத் திண்டிவனத்தில் கல்லூரிக்கு அனுப்பினார்கள். விலங்கியல் படித்தாள். படிப்பு முடிந்து மூன்று வருடம் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டினாள். 2016இல் ஒரு மீன்வளக் கணக்கெடுப்புத் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. மரக்காணத்துக்குத் தெற்கே அடுத்தடுத்து இருக்கும் மூன்று குப்பங்களுக்கு வாரம் நான்கு நாள் போக வேண்டும். கரைக்கு வரும் மீனில் கொஞ்சம் எடுத்து அளந்து, எடை பார்த்து, எந்த வலையில் பிடித்தது என்பதையும் சேர்த்துப் படிவத்தில் எழுதி, விழுப்புரத்தில் இருந்த திட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அவள் கணக்கெடுக்க வேண்டிய மீன்களில் முக்கியமானது கானாங்கெளுத்தி; கரையில் அதைக் கானாங்கத்தை என்பார்கள்.

விடியும் முன்பே மயிலத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் மாறி, ஆறரை மணிக்கு மணலில் இறங்கிவிடுவாள். தோளில் ஒரு பை. அதற்குள் சென்டிமீட்டர் கோடு போட்ட அளவுப் பலகை, சின்னத் தராசு, கத்தரிக்கோல். மீனைப் பலகையில் படுக்கவைத்து மூக்கு முனையிலிருந்து வால் நுனி வரை பார்ப்பாள். பிறகு வயிற்றைக் கீறுவாள். முட்டைப் பை நூல்போல இருக்கிறதா, வயிறு நிறைய மஞ்சளாக விம்மியிருக்கிறதா, முட்டை விட்டுத் தொளதொளத்துப் போயிருக்கிறதா என்று பார்த்து எழுதுவாள்.

முதல் ஆறு மாதம் யாரும் அவளுக்கு மீன் தரவில்லை. வயிறு கீறிய மீனை எந்த வியாபாரி வாங்குவார்? அப்போது அவளைக் கூப்பிட்டு மீன் கொடுத்தவள் பொன்னி. கரையில் மீன் எடுத்து ஊர் ஊராகக் கூடை சுமந்து விற்பவள். அவள் கணவர் தென்னரசு கடலுக்குப் போகிறவர். இரண்டு பெண் பிள்ளைகள்.

"இந்தா, இத அறுத்துக்க" என்று ஒரு கூடையை அவள் பக்கம் தள்ளினாள் பொன்னி. "நான் எப்படியும் கழுவி சுத்தம் பண்ணித்தான் விக்கப்போறேன். கானாங்கத்தையோட வயித்துல அப்பிடி இன்னாதான் தேடறன்னு நானும் பாக்கறேன்."

அன்றிலிருந்து வெண்ணிலா பொன்னியின் கூடைக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். கொண்டுவந்த கேப்பைக் கூழைப் பொன்னிக்கும் ஊற்றிக் கொடுப்பாள். காலனிப் பெண் கொண்டுவந்ததை வாங்கிக் குடிக்கிறாளே என்று சிலர் முகம் சுளித்ததைப் பொன்னி பார்த்தாள். பார்த்துக்கொண்டே குடித்தாள்.

கானாங்கெளுத்தி வேகமாக வளரும் மீன். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தின்று, கூட்டம் கூட்டமாக மேல் தண்ணீரில் திரியும். ஒரு வயதுக்குள் பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டர் வந்துவிடும். அந்த நீளம் வந்தால்தான் முட்டை வைக்கும். அதற்கு முன் பிடித்தால் அது ஒரு முட்டைகூட விடாமல் போன மீன். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆனால் கானாங்கெளுத்தி தேதி பார்த்து முட்டை வைப்பதில்லை. தடை முடிந்து பல வாரம் கழித்தும் வயிறு விம்மிய மீன்களை வெண்ணிலா கீறியிருக்கிறாள். இதையெல்லாம் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் தனியாக எழுதி அனுப்புவாள். பதில் ஒன்றும் வராது. வேலை சரியாக நடந்தால் பதில் வராது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் சேர்ந்த வருடம் சராசரி நீளம் இருபத்தொன்று. நான்கு வருடத்தில் அது பத்தொன்பதானது. 2022இல் பதினாறு.

அந்த நேரத்தில்தான் பொன்னியின் குப்பத்தில் முப்பத்தெட்டு பேர் பங்கு சேர்ந்து சுருக்குமடி வலை வாங்கினார்கள். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடியில் கயிற்றை இழுத்தால் பைபோலச் சுருங்கிவிடும் வலை. பெரிய மீன், சின்ன மீன் எதுவும் தப்பாது. தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டது. வடக்கே இன்னொரு குப்பத்தில் அது ஏற்கனவே இருந்தது. தென்னரசும் ஒரு பங்கு போட்டார்.

அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு காலை அந்த வலை நான்கு டன் மீனோடு கரைக்கு வந்தது. ஊரே மணலில் நின்றது. வெண்ணிலா கையைவிட்டு ஒரு குத்து அள்ளினாள். விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதல். எல்லாமே கானாங்கெளுத்திக் குஞ்சு. இருநூறு மீனை உட்கார்ந்து அளந்தாள். சராசரி பதினொரு சென்டிமீட்டர். ஒன்றின் வயிற்றிலும் முட்டைப் பை என்று சொல்ல எதுவும் இல்லை. கறி வைக்க லாயக்கில்லாததால் கோழித் தீவன லாரி வந்து மண்வெட்டியால் வாரிக்கொண்டு போனது.

"அண்ணா, இது மூணு நாலு மாசத்துக் குஞ்சு" என்றாள் தென்னரசுவிடம்.

"தெரியாமலா இருக்கும்?" என்றார் அவர். தோளில் வலைக்கயிறு அறுத்த காயம் ஈரமாக இருந்தது. "உங்க ஊருல மல்லாட்ட பிஞ்சா இருந்தா உட்டுட்டு வருவீங்க. அடுத்த மாசம் போனா அங்கியே இருக்கும். இது அப்பிடியா? நாங்க உட்டா நாளைக்கே வடக்க இருக்கறவன் வாரிக்கினு போயிடுவான்."

வெண்ணிலா பையைத் திறந்தாள். படிவத்தை எடுத்தாள். பொன்னி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மீன எழுதிக்க வெண்ணிலா. வலை பேர மட்டும் உட்டுடேன்."

"வலையத்தான்க்கா மொதல்ல கேக்கறாங்க."

"மறந்துட்டேன்னு சொல்லு."

வெண்ணிலா பேனா மூடியைக் கழற்றினாள். ஏழு வருடத்தில் ஒரு எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. அது ஒன்றுதான் தன் வேலை என்று நம்பினாள். இந்த ஒரு தாளையாவது யாராவது பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. சுருக்குமடி என்று எழுதினாள். பொன்னி அதைப் பார்த்தாள். எழுந்து புடவை மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பன்னிரண்டாவது நாள் அதிகாரிகள் போலீசோடு வந்து வலையைப் பிடித்தார்கள். பெண்கள் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. வலையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலை வெண்ணிலா பஸ்ஸை விட்டு இறங்கியதும் வலை பின்னும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் ஆறு பேரும் பங்குதாரர்களும் இருந்தார்கள். பொன்னி தூணோரமாக நின்றாள். பேசியவர் பஞ்சாயத்துத் தலைவர் பூவரசன். அவர் சத்தம் போடவில்லை.

"உன்ன யாரும் அடிக்கமாட்டாங்க, திட்டமாட்டாங்க. கேக்கறதுக்குப் பதில் சொல்லு போதும். அன்னிக்கு வந்த மீன எழுதினியா?"

"எழுதினேங்க."

"சுருக்குமடின்னு எழுதினியா?"

"ஆமாங்க. ஆனா நான் அனுப்பறது ஆராய்ச்சி ஆபீசுக்குங்க. வலை புடிக்கிற ஆபீசு வேற."

"எல்லாம் கவர்மெண்டுதானம்மா. நாங்க அதுல எதக் கண்டோம்?" என்றார் பூவரசன். "இந்த ஊருல உன்ன உட்டா எழுதறவங்க வேற யாரும் கெடையாது. இனிமே இங்க கால வெக்காத. பக்கத்து ரெண்டு ஊருக்கும் சொல்லிட்டோம்."

அவள் பொன்னியைப் பார்த்தாள். பொன்னி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேராக விழுப்புரம் போனாள். மூன்று மணி நேரப் பயணத்திலும் ஒரே யோசனை. தான் எழுதியதால்தானா? அப்படியென்றால் தப்பு செய்துவிட்டோமா, சரியைச் செய்தோமா? இரண்டும்தான் என்று பட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகு ஒரு தாள் யாரையோ எழுந்திருக்க வைத்திருக்கிறது என்று ஒரு ஓரத்தில் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைக்காகப் பிறகு அவள் வெட்கப்பட்டாள்.

திட்ட அலுவலகத்தில் ஆனந்தராஜ் என்பவர் இருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார். ரப்பர் போட்ட கட்டுகள். அவள் கையெழுத்து. மேலே இருந்த கட்டில் அந்த அக்டோபர் உறைகள் ஒட்டியபடியே இருந்தன.

"கம்ப்யூட்டர்ல ஏத்தறவர் வேலைய உட்டுட்டுப் போயி ஒன்றரை வருஷம் ஆச்சும்மா. புது ஆள் போடல. இது எதுவும் இன்னும் ஏத்தல."

"அப்ப ரெய்டு எப்பிடி சார்?"

"வடக்க ஒரு குப்பத்துக்காரங்க போட்டோ எடுத்து மனு குடுத்திருக்காங்க. அவங்க வலைய போன வாரம் புடிச்சிட்டாங்கல்ல, அந்தக் கோவம். உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நீ பயப்படாத."

"இத ஒரு லெட்டரா குடுங்க சார். ஊருல காட்டறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. "என்னன்னு எழுதறது?" என்றார். "நீ அனுப்பினத நாங்க பிரிச்சே பாக்கலன்னா?"

வெண்ணிலா கடிதம் இல்லாமல் திரும்பினாள். பொன்னிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. தினமும் இரண்டு முறை செய்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த எண்ணில் மணியே அடிக்கவில்லை. மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. கரைக்குப் போக முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புதுப்பிக்கவில்லை.

வலை போன பிறகு தென்னரசு வேறு பலரைப்போல மேற்குக் கரைக்குப் போனார். கானாங்கெளுத்தி நம் நாட்டில் ஏராளமாக இருப்பது அங்கேதான். கர்நாடகத்தில் மால்பே துறைமுகத்தில் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். முன் பின் தெரியாத படகு, புரியாத பாஷை. அங்கே தடைக்காலம் ஜூலை முடிய. ஆகஸ்ட் முதல் வாரம் மழைக்காலத்துக் கொந்தளிப்பு அடங்கும் முன்பே படகுகள் போயின. வலை இழுக்கும்போது கயிறு காலில் சுற்றி அவரைக் கடலுக்குள் தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் வேறொரு படகின் வலையில் உடல் வந்தது.

ஆம்புலன்ஸ் ஊர் வந்து சேர்ந்தது வெண்ணிலாவுக்கு வாட்ஸ்அப்பில் தெரிந்தது. போகாதே என்றாள் கோவிந்தம்மாள். அவள் போனாள். குப்பத்து வாசலில் இரண்டு பேர் மறித்தார்கள். ஒருவர் அடையாளம் தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், மற்றவர் போ என்றார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்வரை சாலையோரத்தில் நின்றாள். மத்தியானத்துக்கு மேல் பொன்னியே வெளியே வந்தாள். தலைமுடி காயவில்லை.

"வந்தியா?" என்றாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நான் அனுப்பின கவர அவங்க பிரிக்கவே இல்ல. நான் கண்ணால பாத்தேன். மனு குடுத்தது வேற ஊரு."

பொன்னி ஈர முடியை அள்ளி முடிந்தாள்.

"பிரிச்சிப் பாக்கணும்னுதான எழுதின?"

"ஆமாக்கா."

"பாத்திருந்தா வந்து புடிச்சிருப்பாங்க இல்ல?"

வெண்ணிலா தலையசைத்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"அப்ப அதுல இன்னா வித்தியாசம் கீது, சொல்லு." குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. "அந்த மீன் குஞ்சுதான். அது எனக்கும் தெரியும், செத்துப்போனவருக்கும் தெரியும். நீ எழுதினது நெசந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இனிமே உன் மூஞ்சிய என்னால பாக்க முடியாது வெண்ணிலா. போயிடு."

வெண்ணிலா சாலைக்கு வந்து பஸ் ஏறினாள். திண்டிவனம் வரை அவள் அழவில்லை. பஸ் நிலையத்தில் மயிலம் பஸ்ஸைத் தேடி நடக்கும்போது ஒரு கடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

இப்போது அவள் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ரத்தம் எடுத்து, பெயர் எழுதி, குழாயில் ஒட்டுகிறாள். அலமாரியில் இருந்த கட்டுகள் திட்டம் முடிந்தபோது என்னவாயின என்று அவள் விசாரிக்கவில்லை. அந்த மூன்று குப்பங்களிலும் இப்போது மீனை அளக்க யாரும் வருவதில்லை. பிடிபட்ட வலை காவல் நிலையத்துக்குப் பின்னால் மழையில் கிடந்து மக்கிவிட்டது. ஊர்க்காரர்கள் வேறொன்று வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி.

பொன்னி கூடை சுமப்பதை விட்டுவிட்டாள். திண்டிவனம் மார்க்கெட்டில் ஒரு மூலை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். குப்பத்துக் கரையில் பெரிய கானாங்கெளுத்தி கிடைப்பதில்லை. அதனால் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரியில் வருவதை வாங்கி விற்கிறாள். பரிசோதனைக் கூடத்துக்குப் போகும் வழி அந்த மார்க்கெட்டை ஒட்டித்தான். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது வாங்க வந்த ஒருவர் எந்த ஊர் மீன் என்று கேட்பது வெண்ணிலாவின் காதில் விழுந்தது.

"நம்ம மரக்காணத்து மீன்தாங்க" என்று சொல்லிக்கொண்டே பொன்னி எடை போட்டாள்.

அன்றிலிருந்து வெண்ணிலா மார்க்கெட் பக்கம் போகாமல் பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது.