ஆசீர்வாதம் அண்ணனின் இரண்டாவது தட்டு

காலை ஐந்து நாற்பதுக்குச் செய்தி வந்தது. மீஞ்சூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்காக நின்றிருந்தேன். போனில் ஆசீர்வாதம் அண்ணனின் மகள் ஏஞ்சல். "அங்கிள், அப்பா எழுந்துக்கலை."

அண்ணனும் நானும் ஒன்பது வருடம் ஒரே மேசை. லாரிக்குப் பிரேக் டிரம் வார்க்கும் ஃபவுண்டரியில், வார்த்த டிரம்மைச் சுத்தியலால் தட்டிக் கேட்பது எங்கள் வேலை. நல்ல டிரம் இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். நல்லதற்குச் சாக்பீஸில் டிக், கெட்டதற்குப் பெருக்கல் குறி. ஷிஃப்டுக்கு ஆளுக்கு இருநூறு.

2004இல் கம்பெனி நடத்திய காது சோதனையில் அண்ணன் தேறவில்லை. வாசல் கேட்டில் காவலுக்குப் போய் உட்காரச் சொன்னார்கள். "இருவது வருசம் தட்டுனவன் கேட்டுல நின்னு சல்யூட் அடிக்கணுமா?" என்று சென்னைக்குப் போய்க் காதுக்கு மிஷின் மாட்டிக்கொண்டு வந்தார். அங்கே அளவு வைத்த பெண், "எல்லாருக்கும் கேக்குற அளவு போதுமா?" என்றாளாம். "இன்னாம்மா, அளவு சாப்பாடா? கீச்சுன்னு வர்ற சத்தத்தை இன்னும் தூக்கி வையி" என்றாராம் இவர்.

விரிசல் விட்ட இரும்பில் அந்தக் கீச்சொலிதான் முதலில் அடங்கும். நான் அதைப் பி.எஸ்சி. இயற்பியலில் படித்தேன், அவருக்கு அது காதிலேயே வந்துவிட்டது. முதல் வாரமே, பக்கத்து மேசை முனுசாமி டிக் போட்ட மூன்று டிரம்களில் மயிரிழை விரிசல் கண்டுபிடித்தார். அதோடு, ஒரே ஷிஃப்டில் முந்நூறு தட்டினார். முனுசாமி சங்கத்தைக் கூட்டிவிட்டார்.

"அண்ணா, நீ மிஷினு போட்டுக்கினு முந்நூறு தட்டுனா, நாளைக்கு மேனேஜரு எங்களையும் முந்நூறு கேப்பாரு. நல்ல காத வச்சிக்கினு நாங்களும் மிஷினு மாட்டணுமா?"

"நீ கண்ணாடிய கழட்டு நைனா, நானும் கழட்டுறேன்."

"கண்ணாடி கொறைய சரி பண்ணுது. உன்து கொறைய தாண்டி ஓடிக்கினு கீது!"

"கர்த்தர் எங்க கோடு போட்டுகீறார்னு காட்டு. அங்கயே நின்னுக்கிறேன்."

யாருக்கும் காட்டத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

இரண்டு டீ குடித்தபின் சங்கம் தீர்ப்புச் சொன்னது. அண்ணன் ஒவ்வொரு டிரம்மையும் இரண்டு தடவை தட்ட வேண்டும்: மிஷினோடு ஒன்று, மிஷினை அணைத்துவிட்டு ஒன்று. அப்போது இருநூறுக்கு மேல் போகாது. விரிசல் பிடிபட்டால் போதும் என்று மேனேஜரும் ஒப்புக்கொண்டார். அண்ணனின் மேசை தப்பியது.

இரண்டாவது தட்டில் அவருக்கு எதுவும் கேட்காது. ஆனாலும் மூன்று வருடம், தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, சங்கத்துக்காகக் கேட்டார்.

"இன்னா சொல்லுது?" என்று முனுசாமி சைகையில் கேட்பார்.

"உன்ன விசாரிச்சுது."

சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பு செல்லாது. முனுசாமி டிக் போட்டதில் சந்தேகமானவற்றை அண்ணன் ஓரமாக அடுக்கி, மிஷினோடு ஒருமுறை தட்டி, டிக்கோ பெருக்கலோ, பக்கத்தில் தன் குறியைப் போடுவார். "லாரி ஓட்டுறவனுக்கு எந்தக் காதுல கேட்டா இன்னா?" என்பார் என்னிடம். முனுசாமிக்கு எல்லாம் தெரியும். அண்ணனுக்கு ஒரு டீ வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று வேலைக்குப் போனேன். ஓரத்தில் அண்ணன் கடைசியாக அடுக்கிய எட்டு டிரம்கள் இருந்தன. ஏழில், முனுசாமியின் டிக்குக்குப் பக்கத்தில் அண்ணனின் குறி இருந்தது. எட்டாவதில் முனுசாமியின் டிக் மட்டும் இருக்கிறது.