தாலியின் நிழல் விழாத படம்

சோக்குத் தூளால்தான் இருமுகிறேன் என்று நினைத்தேன். ஆசிரியைக்கு இருமல் தொழிலோடு வருவது என்று சக ஆசிரியைகளும் சொன்னார்கள். பிறகு மாலைகளில் இலேசான காய்ச்சல் வந்தது. உறக்கத்தில் தலையணை நனையும் அளவுக்கு வியர்த்தது. கைக்குட்டையில் இரத்தம் தெரிந்த பிறகே மாத்தளை நகரில் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தேன். பட்டம் பெற்ற எனக்கே அவ்வளவு காலம் பிடித்தது. இதை வாசிக்கும் உங்களுக்கு அப்படி நேர வேண்டாம் என்பதால் முதலில் சொல்கிறேன்.

டாக்டர் என் நெஞ்சுப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் மேற்புறத்தில் ஒரு குழிவு (காசநோய்க் கிருமி அரித்து உண்டாக்கிய வெற்றிடம்) இருந்தது.

"வீட்ல சின்னப் பிள்ளைகள் இருக்கா?"

"ஒரு மகள் இருக்கா டாக்டர். இன்னும் தாய்ப்பால் குடிக்கிறா."

"இன்னைக்கே நிப்பாட்டுங்க."

என்னை அன்றே வார்டில் சேர்த்தார்கள். மகளை இரத்தோட்டையில் இருந்த நாத்தனார் தூக்கிப்போனார். என் கணவர் ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து, வார்டு யன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போவார். முதல் நாட்களில் நோயைவிடப் பால் கட்டியதே எனக்கு அதிகம் வலித்தது. அந்த வலியைப் பற்றி எந்த மருத்துவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். அதனால் காதில் ஓயாத இரைச்சல் உண்டாயிற்று. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் மறைக்காதீர்கள். டாக்டர் மருந்தின் அளவைக் குறைப்பார்.

மாதங்கள் கழிந்தபின் என் சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் குழிவு மூடியதா என்பதை மறுபடி எடுக்கும் படம்தான் சொல்ல வேண்டும். அதைப் பார்க்கும்வரை மகளைத் தொட வேண்டாம் என்றார் டாக்டர்.

அது வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். எக்ஸ்ரே படத் தகடுகள் கொழும்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவே வந்தன. படம் எடுக்கும் சிங்கள அலுவலரை எல்லோரும் எக்ஸ்ரே மாத்தயா (சிங்களத்தில் ஐயா) என்போம். அவர் என்னிடம் கையை விரித்தார்.

"வார்டுல இருக்கறவங்களுக்கு பொறகு பாப்பம் டீச்சர். புதுசா வாறவங்களுக்கே பத்தல்ல."

அது நியாயமான ஒழுங்கு. என் நோய் தெரிந்த நோய், அவர்களுடையது தெரியாதது. இருந்தாலும் எக்ஸ்ரே அறை இருந்த நடைபாதைக்கு நான் தினமும் போனேன். வாங்கின் (நீள மர இருக்கையின்) கடைக்கோடியில் உட்காருவேன். எனக்கும் அடுத்தவருக்கும் நடுவில் எப்போதும் ஓர் ஆள் அளவு இடம் காலியாக இருக்கும். கூட்டம் நெரிந்து, ஆட்கள் நின்றுகொண்டிருந்த நாட்களிலும் அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தகடுகள் எப்படிக் குறைகின்றன என்று கண்டேன். ஒரு நாள் மாத்தயா ஈரம் சொட்டும் படத்தோடு வெளியே வந்தார். தோட்டத்திலிருந்து வந்திருந்த ராக்கம்மா என்ற பெண்ணின் படம் அது. நுரையீரலின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கட்டி.

"தாலி! கழட்டச் சொன்னா, கக்கத்துல தள்ளி மறைச்சிருக்காங்க. மறுபடி எடுக்கணும்."

இது எங்கள் பெண்களுக்கே உரிய தவறு. கழற்றினேன் என்று தலையாட்டிவிட்டு, தாலியைத் துணிக்குள் முதுகுப்பக்கமோ கக்கத்திலோ ஒளித்துவிடுவார்கள். கதிர் துணியைக் கடக்கும், தங்கத்தைக் கடக்காது. ஒரு பெண் தாலியை ஒளித்தால் இன்னொருவரின் தகடு போய்விடும்.

நான் எழுந்து போய், கொஞ்சம் விலகி நின்றே ராக்கம்மாவிடம் பேசினேன்.

"ஏம்மா, கழட்டி வச்சிட்டா என்ன? நானும் மொதல்ல படம் எடுக்கறப்ப எங்க வீட்டுக்காரர்கிட்டதான் குடுத்தேன்."

"ஒங்க வீட்டுக்காரரு வச்சிருப்பாரு டீச்சரம்மா. என்னோட ஆளுகிட்ட குடுத்தா, அது சாயங்காலம் கள்ளுத் தவறணையில இருக்கும்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அவரு உசிரோட இருக்கறப்ப வெறுங்கழுத்தோட நின்னு படம் புடிக்கவா? அத பாத்தா எங்க லயத்துச் சனமே என்னைய ஏசும்."

"கழுத்து வெறுமையா இருக்கவேணாம். மஞ்சக் கயித்துல ஒரு துண்டு மஞ்சளக் கட்டிக்குங்க. தாலிய இடுப்புல சொருகிக்குங்க. இடுப்பு படத்துல விழாது. யார் கையிலயும் குடுக்க வேணாம்."

"தாலிய அடகு வைக்கறப்ப கட்டறத ஆஸ்பத்திரியில கட்டச் சொல்றீங்களே!" என்றாள். ஆனாலும் கட்டினாள். அவளோடு வந்தவள் கடைவீதிக்குப் போய் மஞ்சள் வாங்கி வந்தாள். மறுபடி எடுத்த படத்தில் நுரையீரல் முழுவதும் தெளிவாகத் தெரிந்தது.

அதன்பின் அந்த நடைபாதையில் அதுவே வழக்கமாயிற்று. தோட்டங்களிலிருந்து வருவோர் வீட்டிலிருந்தே மஞ்சளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் தடவிப் பின்னிய கூந்தல் தோளில் தொங்கினால் அதுவும் படத்தில் நோய்போல நிழலாக விழும் என்று மாத்தயா சொன்னார். கூந்தலை உச்சியில் முடியும்படி நான் பெண்களிடம் சொன்னேன். மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்தி வைப்பதை வரிசையில் இருக்கும்போதே செய்து பார்க்க வைத்தேன். சில நாட்களில் ஒரு படமும் வீணாகவில்லை.

ஆனால் வரிசை குறையவில்லை. திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்ற செய்தி பரவியதும், முன்பு வராதவர்களும் வந்தார்கள். படங்களைப் பார்த்து இறுதி முடிவு சொல்லும் நெஞ்சுநோய் டாக்டர் கண்டியிலிருந்து வாரம் ஒருமுறைதான் வருவார். வாங்கில் குறைந்த காத்திருப்பு அவருடைய மேசையில் குவிந்தது. ஒரு கதவை அகலப்படுத்தினால் அடுத்த கதவு குறுகலாகத் தெரியும் என்பதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். மிச்சமான தகடுகள் எல்லாம் புதியவர்களுக்கே போயின. என் முறை தள்ளிக்கொண்டே போயிற்று.

கடைசியில் ஒரு காலையில் டாக்டர் படம் எடுக்க என் பெயரைச் சொல்லியனுப்பினார். நடைபாதைக்குப் போனபோது, லக்கல பக்கமிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண் வாங்கில் இருமிக்கொண்டிருந்தார். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, தனக்கு அருகிலேயே என்னை உட்காரச் சொன்னார். அவருக்கு என்னைத் தெரியாது.

"தூரமா ராத்தா?"

"பஸ் ஒன்டுதான். யான ரோட்டுல நின்டா அதும் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகணும், வழி விடுன்டு யானக்கிட்ட சொல்ல ஏலுமா?" சிரித்தவரை இருமல் மடக்கியது. "மூனு புள்ளகள். மூனும் எனக்கிட்ட ஒட்டிட்டுத்தான் படுக்குதுகள். அதுதான் பயம்."

மாத்தயா என்னை உள்ளே கூப்பிட்டார். "ஒரு தகடுதான் மிச்சம் டீச்சர். அடுத்தது எப்ப வரும்னு தெரியாது. உங்களுக்கு டாக்டர் எழுதியிருக்கார். அவங்களுக்கும் எழுதியிருக்கார். நான் சொன்னா பாவம். நீங்க சொல்லுங்க."

அவரைத் திருப்பி அனுப்பினால் வயல் அறுவடை முடியும்வரை மறுபடி வரமாட்டார். நோய் இருந்தால் மூன்று பிள்ளைகளும் அதே மூச்சைச் சுவாசிப்பார்கள். என் மகளோ நோயிலிருந்து பத்திரமான தொலைவில் இருக்கிறாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே விடைதான் வந்தது.

"அவங்களுக்கு எடுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை யன்னலுக்கு வெளியே நின்று கணவர் இதைக் கேட்டார்.

"ஒரு பிள்ளைக்கு மூனு பிள்ளைன்னு கணக்குப் போட்டியா?"

"ஆமாங்க."

"அந்தக் கணக்குல நம்ம பிள்ள எங்க இருக்கா?"

அவர் கையை யன்னல் கம்பிமீது வைத்தார், நான் தொடவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த லக்கலப் பெண்ணின் நுரையீரலில் நோய் இல்லை. அடுப்புப் புகையால் வந்த பழைய இருமல் என்றார் கண்டி டாக்டர். செய்தியை மாத்தயா தயங்கித் தயங்கிச் சொன்னார். நோய் இல்லை என்று தெரிவதும் ஒரு பயன்தான். மூன்று பிள்ளைகள் பயமின்றித் தாயோடு படுக்கலாம். இதை அன்றே அறிவால் ஒப்புக்கொண்டேன். மனம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

தகடுகள் வந்து, என் படமும் எடுக்கப்பட்டு, குழிவு மூடியது என்று தெரிந்தபோது அடுத்த மழைக்காலம் தொடங்கியிருந்தது.

இரத்தோட்டையில் மகள் கதவோரத்தில் நின்றாள். நான் கைக்குழந்தையாகத் தந்தவள், இப்போது ஓடும் காலும் பேசும் வாயுமாக இருந்தாள்.

"யாரு வந்திருக்காங்கன்னு பாரு" என்றார் நாத்தனார்.

"டீச்சர்" என்றாள் மகள்.

அந்த வீட்டில் எல்லோரும் என்னை அப்படித்தான் சொல்வார்கள். அவள் கேட்டு வளர்ந்த பெயர் அது. நாத்தனார் பதறித் திருத்த வந்தார். வேண்டாம் என்று கைகாட்டினேன்.

தேநீர் குடித்து முடியும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மரியாதையாகக் கேட்டாள்: "டீச்சர், எப்ப வீட்டுக்குப் போவீங்க?"

போகமாட்டேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குழிவு இருந்த இடத்தில் இப்போது வடு இருக்கிறது. ஆழமாக மூச்சிழுத்தால் மார்பின் மற்ற பாகமெல்லாம் விரிந்த பிறகு, அந்த இடம் மட்டும் சற்றுப் பிந்தி விரிவதாக எனக்குத் தோன்றும். டாக்டரிடம் கேட்டேன், அப்படி இருக்காது என்றார். இருக்கிறது. அன்று கூடத்தில் தனியாக உட்கார்ந்து அது விரியும்வரை பொறுத்திருந்தேன். உள்ளே மகள் அத்தையிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இனி எனக்கு முன்னால் வரிசையில் யாருமில்லை. அவளாக வெளியே வரட்டும் என்று இருந்தேன்.