கூரைகளை மட்டும் கண்டவர்

பேய் பிசாசுக் கதை பேசுகிறவர்களை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை. செத்தவர் செத்தவர்தான் என்று செத்தவீட்டிலேயே சத்தமாகச் சொல்லி ஏச்சு வாங்கியவள் நான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது, எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன், பிழை இருக்கும். பொய் இருக்காது. கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கு அதில் ஒன்றும் குறையாது.

லண்டனுக்கு வரும் முன்னர் இத்தாலியில், பலெர்மோ என்ற ஊரில் நெடுங்காலம் வீட்டுவேலை செய்தேன். அந்தப் பாஷை அங்கே சமையலறைகளில் படித்ததுதான். அதனால்தான், ஈராக்கில் சண்டை தொடங்கிய வருடம், லண்டனில் லூயிஷாம் சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் கிடந்த இத்தாலிக் கிழவரைப் பராமரிக்க அவருடைய மகள் என்னைத் தேடிப் பிடித்தாள். சின்யோர் சால்வோ என்று கூப்பிடுவேன். தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போனால் கழுவுவதும் துடைப்பதும் சாப்பாட்டைக் கரண்டியால் தீத்துவதும் நான்தான்.

கட்டிலுக்கு மேலே ஒரு படம். மூன்று எஞ்சின் விமானத்தில் கை ஊன்றிக்கொண்டு இளவட்டமாகச் சிரிக்கிறார். கறுப்புச் சட்டைக்காரர் இத்தாலியை ஆண்ட காலத்தில் அபிசீனியா நாட்டு ஊர்களில் குண்டு போடப் போனவராம். பாக்தாத்தில் குண்டு விழுவதை டிவியில் காட்டினால் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்ப்பார். நாங்கள் பேசியதெல்லாம் இத்தாலி பாஷையில், என் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தப் பெடியளுக்கு எல்லாம் மிஷின் செய்து குடுக்குது, சின்யோரா. நாங்கள் கண்ணால பாத்துப் போட்டனாங்கள். வைக்கோல் கூரையள். ஒண்டு பத்தினால் ஊரே பத்தும்."

"கீழ ஆக்கள் இருந்தவையோ?"

"மேலயிருந்து ஆக்கள் தெரியாது. கூரைதான் தெரியும்."

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் என் மூத்தவள் புட்டு அவித்துக்கொண்டிருந்தபோதுதான் பொம்பர் விமானம் வந்தது. நான் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, கூரை அவள்மேல் இறங்கியது.

இதே மனிதர் பலெர்மோவை நினைத்தால் குழந்தை மாதிரி அழுவார். பிறகு வந்த உலகப்போரில் அமெரிக்க விமானமும் இங்கிலீஷ் விமானமும் அந்த ஊரை இடித்தபோது அவருடைய தாய் சமையலறைக்குள் செத்துப்போனார். அந்த இடிபாட்டை நானும் கண்டிருக்கிறேன். அத்தனை காலத்துக்குப் பிறகும் பாதி வீடு போய், மேல்மாடிச் சுவரில் சமையலறைப் பூ ஓடுகள் வெயிலில் தெரியும், கீழே அத்திமரம் முளைத்திருக்கும்.

"என்ர அம்மாவைக் கொண்டவனை இந்தக் கையில தாங்கோ, அது போதும்" என்று பல்லைக் கடிப்பார்.

"அவனுக்கும் கூரைதானே தெரிஞ்சிருக்கும், சின்யோர்?"

அன்று என் கையால் சாப்பிட மறுத்துவிட்டார். வேண்டாமென்றால் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து, நல்ல வெளிச்சமான ஒரு மத்தியானம், சூப் தீத்திக்கொண்டிருந்தேன். ஹீத்ரோவுக்கு இறங்குகிற விமானம் ஒன்று பதிந்து தாழ்வாகப் போனது. அது எப்போதும் போகிறதுதான், ஆனால் அன்று அந்த இரைச்சல் போய் முடியவில்லை. கூரை எரிகிற மணம் வந்தது. அந்த மணம் எனக்குத் தெரியும், யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அடுப்பைப் பார்க்க எழும்பினேன். கிழவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சூப்புக்குள் சாம்பல் விழுந்தது.

திரும்பிப் பார்க்கிறேன், சுவரோரமாகப் பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு, செத்தவீட்டில் இருப்பதுபோல நெருக்கமாக, நிலத்தில். துணியின் கரையெல்லாம் கருகியிருந்தது. ஒருத்தி எழுந்து வந்தாள். அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். ஒடுங்கின ஒழுங்கையில் எதிரே வருகிறவள், நீ விலகினால் நான் போவேன் என்று நிற்பாளே, அப்படி நின்றாள்.

"சின்யோரா, விலகாதையுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்" என்று கிழவர் முனகினார்.

நான் குனிந்து அவருடைய காதுக்குள் கேட்டேன். "இவையள் ஆரெண்டு சொல்லுங்கோ, சின்யோர். ஆக்களோ, கூரையளோ?"

"ஆக்கள்" என்றார்.

நான் கையை இழுத்துக்கொண்டு விலகினேன். என் மகள் போன பிறகு அன்றுதான் எனக்கு நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள், அவரை என்ன செய்தார்கள் என்று நான் காணவில்லை. இரைச்சல் ஓய்ந்தபோது அறையில் நானும் அவரும்தான், அவரிடம் மூச்சு இல்லை. வயது போன இதயம் என்றார் டாக்டர். மகள் ஓடிவந்து தகப்பனை முத்தமிட்டுக் கொஞ்சியவள், தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: "அப்பான்ர வாய்க்குள்ள என்ன இவ்வளவு சாம்பல்?" நான் சூப்புக் கோப்பையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

என் மகனிடம் சொன்னேன். "அம்மா, உங்களுக்குப் பிரஷர் கூடிப்போச்சு, குளிசையைப் போடுங்கோ" என்றான். அவனுக்கு மிச்சத்தை நான் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். கட்டிலைச் சுற்றி நின்றவர்களில் அந்த ஒருத்தி மட்டும், போகுமுன் என்னிடம் திரும்பி வந்தாள். எந்தப் பாஷை என்று தெரியாது, எனக்கு விளங்கியது.

"உன்ர பிள்ளைக்கு மேல குண்டு போட்டவன்ர பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. கீழேயிருந்து பார்த்தவளுக்கு விமானம்தானே தெரியும், அதற்குள் இருந்தவனை யார் கண்டது.

இன்றைக்கும் கோயிலில் மூத்தவளுக்கு மோட்ச அர்ச்சனை செய்யப் போனால், ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்கிறபோது, என் தோளுக்குப் பின்னால் அந்த வெள்ளைத் துணிக்காரியும் கேட்கிறாள். ஐயருக்கு மகளின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் பெயர் இல்லை.