வாளாடியில நிக்கிற பஸ்

காப்பி டம்ளர் மாமா கையில இருந்து நழுவி விழுந்துச்சு. "என்ன மாமா, இன்னும் தூக்கமா?"ன்னு கேட்டேன். "ரைட்"டுன்னார்.

நான் சிரிச்சேன். மாமா லால்குடி ரூட்டு பஸ்ல கண்டக்டர். வீட்டுலயும் அந்தப் பேச்சு தான். சோறு போதும்னா "ஹோல்டான்"ம்பார், இன்னும் போடுன்னா "ரைட்"டும்பார். அதனால இன்னொரு டம்ளர் ஊத்தி நீட்டுனேன். அதை வாங்க வலது கை வரல. வாய் ஒரு பக்கமா இறங்குச்சு. அந்த எறங்குன வாயால மறுபடியும் "ரைட்"டுன்னார். அப்பத்தான் நான் கத்துனேன்.

நான் அஞ்சாவதோட படிப்பை நிறுத்துனவ. எடமலைப்பட்டி புதூர்ல ஒரு கல்லுப் பட்டறையில (செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுற எடம்) வேலை பாக்குறேன். எழுத்து முன்னப் பின்ன இருக்கும். உங்க வீட்லயும் ஒருத்தர் இப்படிப் படுத்துட்டு, வெளிய எங்கயாச்சும் கொண்டுபோய் விடலாமா, விட்டா எப்படிக் கட்டுப்படியாகும்னு நீங்க முழிச்சுக்கிட்டு இருந்தா, உங்களுக்காகத்தான் எழுதுறேன்.

பெரியாஸ்பத்திரியில டாக்டர் சொன்னார். "பக்கவாதம்மா. மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு. வலது கை கால் வராது. பேச்சு இருக்குற எடத்துலயும் அடி."

"ரைட்டுன்னு சொல்றாரே சார்?"

"அது ஒண்ணு தான் தங்கியிருக்கு. சில பேருக்கு அப்படி ஆகும். நாள்பட வாயில பொழங்குன ஒரு சொல்லு மட்டும் மிஞ்சும்."

"சரசு சரசுன்னு என்னைத்தான சார் நாள் முழுக்கக் கூப்பிடுவாரு. அது எப்படிப் போச்சு?"

டாக்டர் என்னை ஒரு மாதிரி பாத்தார். சீட்டுல ஏதோ எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார்.

ஒரு சொல்லு மேல பொறாமைப்பட முடியுமான்னு கேட்டா, முடியும். அன்னிக்கு எனக்கு வந்துச்சு. என்னைப் பெத்தவங்க ரெண்டு பேரும் போனப்புறம் என்னைத் தூக்கி வளத்தவர் மாமா. எனக்காகத்தான் கல்யாணம் பண்ணிக்கலன்னு சொந்தத்துல சொல்லுவாங்க. நானும் அதை நம்பி, அந்தப் பெருமையிலயே வளந்தவ. அந்த மனுசன் வாயில நான் மிஞ்சல, பஸ்ஸு மிஞ்சிருக்கு.

வீட்டுல வச்சுத்தான் பாத்தேன். காலையில தொடச்சு, கஞ்சி குடுத்து, பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் பட்டறைக்குப் போவேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அவங்க வேலை இருக்கும்ல. ஒரு நாள் சட்டையை மாத்தும்போது முதுகுல படுக்கைப்புண் (ஒரே பக்கமாப் படுத்துக் கெடந்தா தோல் வெந்து குழியாகறது) பாத்தேன். உள்ளங்கை அளவுக்கு இருந்துச்சு. மாமா "ரைட்"டுன்னு முனகுனார். அன்னிக்கு முடிவு பண்ணேன்.

சொந்தக்காரங்க பேசுவாங்க. "பெத்த புள்ள மாதிரி வளத்தவரக் காசு குடுத்து அடுத்தவங்க கையில விடுறாளே"ன்னு என் காது படவே சொன்னாங்க. சொன்னவங்க ஒருத்தரும் ஒரு நாள் வந்து அவரைப் பொரட்டிப் படுக்க வைக்கல. நீங்களும் காதுல வாங்கிக்காதீங்க.

மொதல்ல கன்னியாஸ்திரீங்க நடத்துற ஒரு எடத்துக்குப் போனேன். சுத்தமான எடம். காசே கெடையாது. ஆனா நாதியத்தவங்களைத்தான் சேப்பாங்க. "இவருக்கு யாரும் இல்லையாம்மா?"ன்னு அந்தச் சிஸ்டர் கேட்டாங்க. வாசல்லயே ஒரு அம்மா எனக்குச் சொல்லிக் குடுத்திருந்துச்சு, யாரும் இல்லன்னு சொல்லிடு, எதுத்த வீடுன்னு சொல்லுன்னு. என்னால முடியல. "நான் இருக்கேன்"னுட்டேன். சிஸ்டர் சிரிச்சுக்கிட்டே நோட்டை மூடிட்டாங்க. நீங்க அப்படி ஒரு எடத்துக்குப் போனா என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தை எனக்கு வரல, அவ்வளவுதான்.

ரெண்டாவது எடம் மூத்திர நாத்தம். வாசல்லயே திரும்பிட்டேன். எடம் பாக்கப் போறவங்க மொதல்ல மூக்கால பாருங்க. அப்புறம் படுத்திருக்கறவங்க குதிகாலைப் பாருங்க. குதிகால்ல புண்ணு இல்லன்னா அங்க ஆளுங்க பொரட்டி விடுறாங்கன்னு அர்த்தம்.

மூணாவது ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபம் போற ரோட்டுக்கிட்ட. ரிட்டயர் ஆன நர்ஸம்மா ஒருத்தங்க தன் வீட்டையே அப்படி மாத்தி வச்சிருந்தாங்க. பின்னால ஒரு பெரிய ஹால். தன்னால எந்திரிச்சு உக்கார முடிஞ்சவங்க அங்க பாய்ல இருப்பாங்க, அதுக்குக் கொறைச்ச காசு. முன்னால ரெண்டு கட்டில் போட்ட ரூமுங்க. அங்க ராத்திரி பகலா ஆயா உண்டு, அதுக்குத் தனி காசு. மாமாவுக்கு ரூம் தான் சரிப்படும்னாங்க. நான் ஜன்னல் பக்கம் போய் நின்னேன். மாம்பழச் சாலையில திரும்புற பஸ்ஸோட ஹாரன் கேட்டுச்சு. லால்குடி பஸ் அந்த வழியாத்தான் போகும். இங்கயே இருக்கட்டும்னேன்.

காசுக்கு மாமாவோட பஸ் மொதலாளி குடுத்தது கொஞ்ச நாள் ஓடுச்சு. அப்புறம் என் கூலி. நான் ஒரு வேளை சாப்பாட்டைக் கொறைச்சேன்னு சொன்னா நீங்க பாவம்னுவீங்க, அதனால சொல்லல. ஞாயித்துக்கிழமை தவறாமப் பஸ் ஏறிப் போயிடுவேன். மிச்ச ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் கல்லுக்கு முன்னால குனிஞ்சிருந்தேன்.

அப்பத்தான் பக்கத்துக் கட்டிலுக்குக் காதர் பாய் வந்தார்.

பாலக்கரையில சைக்கிள் கடை வச்சிருந்தவர். சர்க்கரை வியாதியில ஒரு காலை எடுத்தாச்சு, கண்ணும் மங்கல். வாய் மட்டும் குறையே இல்ல. நான் உள்ள நுழைஞ்சா, "கண்டக்டரே, செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்தாச்சு! டிக்கெட்டையெல்லாம் எடுத்துக் கையில வச்சுக்கங்க"ம்பார். மாமா பாதி வாயால சிரிப்பார். ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் மாமா சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்கிட்ட சிரிக்கல, அவர் சொன்னதுக்குச் சிரிச்சார்.

அவங்க ரெண்டு பேரும் பஸ் ஓட்டுனாங்க. படுத்த எடத்துலயே. பாய் டிரைவர், மாமா கண்டக்டர்.

"வண்டி எடுக்கலாமாண்ணே?"

"ரைட்!"

"மாம்பழச் சாலை."

"ரைட்."

"திருவானைக்கோயில்."

"ரைட்."

பாய் வேணும்னே மாத்திச் சொல்லுவார். டோல்கேட் வர வேண்டிய எடத்துல வாளாடிம்பார். மாமாவுக்கு வெறி வந்துடும். எடது கையால கட்டில் கம்பியை அடிச்சு, "ரைட் ரைட் ரைட்!"டுன்னு கத்துவார். "ஐயோ மன்னிச்சுக்கங்க கண்டக்டரே, கண்ணு தெரியாதவனை டிரைவராப் போட்டா இப்படித்தான். ரிவர்ஸ் எடுக்குறேன், பின்னால பாத்துச் சொல்லுங்க"ம்பார் பாய். மாமா திட்டுவார் பாருங்க, அந்த ஒரே சொல்லுல! வீட்டுல கஞ்சி கொதிச்சா கூட அப்படி ஒரு சத்தம் வராது. ஆயா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கும்.

நான் ஸ்டூல்ல உக்காந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காம வச்சிருப்பேன். அந்த ரூட்டுல சின்னப் புள்ளையில இருந்து மாமா பக்கத்துல உக்காந்து போனவ நான். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் எந்தக் கடையில என்ன விப்பாங்கன்னு எனக்குத் தெரியும். லால்குடிப் பக்கம் ஒரு தடவை கூடப் போகாத மனுசன் அதை என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டாரேன்னு வயிறு எரிஞ்சுச்சு. திரும்பி வரும்போது பஸ்ல அழுவேன். நல்லா இருக்காரேன்னு சந்தோசப்பட வேண்டியவ, நான் இல்லாம நல்லா இருக்காரேன்னு அழுதேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை போனா அந்தக் கட்டில் காலி. பாயோட மகன் மலேயாவுல இருந்து பணம் அனுப்புறதை நிறுத்திட்டானாம். அவரைப் பின்னால ஹாலுக்கு மாத்திட்டாங்க. உண்மையைச் சொல்றேன், எனக்கு நெஞ்சு லேசாச்சு. மாமா கட்டில்ல ஏறி உக்காந்து, "வண்டி எடுக்கலாமா மாமா?"ன்னேன்.

மாமா செவத்தைப் பாத்தார்.

ஒரு ஸ்டாப்பு விடாம வரிசையாச் சொன்னேன். ஒண்ணுக்கும் ரைட்டு வரல. சரி, பாய் மாதிரி சொல்லுவோம்னு டோல்கேட்டுக்குப் பதிலா ஆங்கரைன்னேன். மாமா மெதுவாத் திரும்பி என்னைப் பாத்தார். கோவமே இல்ல. ஐயோ, இந்தப் புள்ளைக்கு ரூட்டு மறந்துபோச்சேங்கற மாதிரி பாத்தார்.

அடுத்த வாரம் நர்ஸம்மா என்னை வாசல்லயே நிறுத்துனாங்க. "உங்க மாமா கஞ்சி எறக்க மாட்டேங்குறார் சரசு. அந்தப் பக்கக் கட்டிலையே பாத்துக்கிட்டுக் கெடக்குறார்."

"பாயை ரூமுக்கு மாத்துங்களேன்."

"பாதியை நான் விட்டுக்குடுக்குறேன். மீதிக்கு யாராவது வேணுமே. எனக்கும் ஆயா சம்பளம் இருக்குல்ல."

மீதிக்கு எங்க போறது? பட்டறையில ஞாயித்துக்கிழமையும் கல்லு குடுப்பாங்க, அன்னிக்கு வேலை பாத்தா கூலி கூட. பஸ் காசும் மிச்சம். கணக்குப் போட்டா சரியா வருது. நான் இங்க வராம இருந்தாத்தான் வருது. என் எடத்துல காதர் பாயை உக்கார வைக்க, அவர் கட்டிலுக்கு நான் காசு கட்டணும்.

அன்னிக்குப் பஸ் ஏறல. காவேரிப் பாலத்துல நடந்தே வந்தேன். பாலத்துலயே முடிவு பண்ணிட்டேன், ஆனா மனசு ஒப்புக்கிட்டுப் பண்ணல. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பண்ணேன்.

அப்புறம் மாசத்துல ஒரு தடவை தான் போனேன். மாமா கன்னம் தேறிடுச்சு. முதுகுப் புண்ணு ஆறி வந்துச்சு. நான் போனா "இன்ஸ்பெக்டர் இப்பல்லாம் லேட்டா வர்றாங்களே"ம்பார் பாய். காசு யார் கட்றான்னு அவருக்குத் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு நான் தான் நர்ஸம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன். தெரிஞ்சா எனக்கு நன்றி சொல்லுவார். அந்த நன்றியை என்னால தாங்க முடியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு ஆள் வந்துச்சு. நான் சாணைக்கு முன்னால இருந்தேன். ரெண்டாவது அடைப்பாம். நான் போய்ச் சேந்தப்ப உசுரு போயி, மாமா தாடைக்குக் கட்டு கட்டியாச்சு. காவேரிக் கரையில பெரியப்பா மகன் கொள்ளி வச்சார். பொம்பளைன்னு என்னைப் பாதி வழியிலயே நிறுத்திட்டாங்க.

கருமாதி முடிஞ்சு மாமாவோட கண்டக்டர் தோல் பையை எடுக்கப் போனேன். பாய் இன்ஸ்பெக்டர்னு சொல்லல. "வா பாப்பா"ன்னார்.

"கடைசியா எப்படி இருந்தாரு?"

"வண்டி ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தோம். தாளக்குடின்னேன், ரைட்டுன்னார். வாளாடின்னேன். வரல. எறங்கிப் பேசிக்கிட்டு இருக்காரோன்னு நெனச்சேன் பாப்பா. கண்ணு தெரியலையே எனக்கு. கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தியே வச்சிருந்தேன்."

"அந்தக் கடைசி ரைட்டை எப்படிச் சொன்னாரு?"

பாய் வாயைத் தெறந்தார். அவர் சொல்லிக் காட்டப் போறார்னு தெரிஞ்சதும், "வேணாம், நீங்க சொல்லாதீங்க"ன்னுட்டேன்.

இனிமே நீ கட்ட வேணாம்மா, பாயை ஹாலுக்கே அனுப்பிடலாம்னாங்க நர்ஸம்மா. நான் இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நல்ல மனசுன்னு நெனச்சுக்காதீங்க. மாமாவோட கடைசி சத்தம் அந்த மனுசன் காதுல இருக்கு. எனக்குக் கெடைக்கல. அதை ஹால்ல ஒரு பாய்ல கொண்டுபோய்ப் போட எனக்கு மனசு வரல.

பக்கவாதம் பாத்த வீட்டுல இருந்தவங்களுக்கு இது இருக்கும்னு நெனக்கிறேன். காலையில எந்திரிச்சதும் வலது கையை மடக்கிப் பாக்குறேன். அப்புறம் வாயைத் தெறந்து ரெண்டு வார்த்தை சொல்லிப் பாக்குறேன். மொதல்ல என் பேரு, அப்புறம் மாமா பேரு. இன்னும் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் படுத்த பாயைச் சுருட்டுவேன். போற பஸ்ல எந்தக் கண்டக்டர் ரைட்டுன்னாலும் திரும்பிப் பாக்குறேன்.

மாசத்துல ஒரு நாள் போறேன். பாய் சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து வண்டி எடுப்பார். மாம்பழச் சாலை, திருவானைக்கோயில், டோல்கேட். இப்பல்லாம் மாத்திச் சொல்றதில்ல. தாளக்குடி தாண்டி வாளாடிம்பார். அப்புறம் நிறுத்திக்குவார். என் பக்கம் திரும்பி இருப்பார்.

ஒரு சொல்லு சொன்னா வண்டி போயிடும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் சொல்றதில்ல. அது மாமாவோடது. அவரும் கேக்கறதில்ல. ஜன்னல் வழியா லால்குடி பஸ்ஸுங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு ஹாரன் அடிச்சுட்டுப் போகுது. நாங்க ரெண்டு பேரும் வாளாடியிலயே உக்காந்திருக்கோம்.