முழங்காலுக்குக் கீழே ஒரு புடைப்பு

பன்வில மலையில் கோப்பிப்பழம் பறித்துச் சுமந்த காலத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருஷம் கிடுகிடுவென்று வளர்ந்தேன். இரண்டு முழங்காலுக்கும் கீழே எலும்பு புடைத்தது. கூடையோடு சரிவில் இறங்கினால் உயிர் போகும். இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும் என்று நம்பி, அம்மா என்னை எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் இழுத்துப்போய்க் காட்டினாள். அந்தப் பாவி புடைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினான். நான் அலறினேன். அவன் சிரித்தான்.

“எலும்பு வளருது. வளர்ற புள்ளைக்குச் சின்னக் கூடை எதுக்கு? நாளையிலருந்து இவளும் பெரியாளுங்க தூக்குற மூட்டையத் தூக்கட்டும்.”

பல வருஷம் கழித்து என் மகள் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில், “அம்மா, முட்டி வலிக்குது” என்றாள். வாயிலேயே அறைந்தேன். கங்காணி பக்கத்தில்தான் நின்றிருந்தான்.