செல்லத்தாயின் கைக்கு நான் புகட்டிய எண்

“…எங் கண்ணுதான் சதி பண்ணிட்டு அண்ணாச்சி, அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?” என்றாள் செல்லத்தாய், வாசலில் வறுத்த கடலையைப் புடைத்தபடி.

அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கெடுத்தவன் நான்! உங்களிடம் சொல்லிவிட்டேன்… அவளிடம் சொல்ல இன்றும் வாய் வரவில்லை.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் நான் மேற்பார்வையாளன். அவள் பெட்டிகளில் குச்சி அடைப்பவள். குவியலுக்குள் கை போகும், வரும். பெட்டிக்குச் சரியாக ஐம்பது. பக்கத்தில் இருப்பவளிடம் சம்பந்தி சண்டையைச் சொல்லிக்கொண்டே அடைப்பாள். ஜன்னல் வழியே கரிசல் வெயில் வந்து அவள் விரல்களில் மிதக்கும்… பார்த்துக்கொண்டிருந்தால் நானும் மிதப்பேன்.

கைப்பேசியில் படித்த படிப்பு எனக்கு. மனம் ஒரு கணிப்பொறி, கணக்கு நடந்தால் உள்ளே எண் இருந்தே தீர வேண்டும் என்பது என் கட்சி.

“தலைக்குள்ள எண்ணுதியா, செல்லத்தாயி?”

“நான் எங்க எண்ணுதேன்? கை நெறஞ்சா கைக்கே தெரியுது. நீங்க பருக்கையை எண்ணியா சோறு உருட்டுதீங்க?”

கூடமே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. “இனி வாய்விட்டு எண்ணித்தான் அடைக்கணும்” என்றேன். ஒரு வாரம்! ஒரு பெட்டியில் நாற்பத்தேழு, இன்னொன்றில் ஐம்பத்து மூன்று… அவள் கை திக்கியது. எண்ண வேண்டாம் என்ற பிறகும் திக்கியது. முதலாளி காரணம் கேட்டார். “கண்ணு மங்கிட்டு அவளுக்கு” என்றேன். அவள் வேலை போனது. அவளும் நான் சொன்னதை நம்பி, கடைத்தெருவில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

பிறகு அடைக்கும் எந்திரம் வந்தது. ஐம்பதை இது எங்கே வைத்திருக்கிறது என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“எங்கனயும் இல்ல அண்ணாச்சி. எடை ஏற ஏறக் கதவு தாழும், நெறஞ்சா மூடிக்கிடும். இதுவும் கணக்குதான். உள்ள நம்பர் எதுக்கு?”

அது கணக்குத்தானா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால், உள்ளே எண் இல்லாமலே கணக்கு நடக்குமென்றால்… அவள் சொன்னதும் மெய்யாக இருந்திருக்கலாம், என் கணிப்பொறியும் மெய்யாக இருந்திருக்கலாம். இரண்டுக்கும் சண்டையே இல்லை! பின் எதற்காக அந்தக் கையைக் கெடுத்தேன்?

இதைச் சொல்லத்தான் இன்று அவள் வாசலுக்கு வந்தேன். ‘நீங்க என்ன செய்வீங்க’ என்று அவளே கேட்டும்விட்டாள்.

எனக்குத் தருவதற்காக அவள் முறத்திலிருந்து ஒரு பிடி கடலையை அள்ளினாள். நீட்டப்போன கையைச் சட்டென இழுத்து விரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உதடு அசைய ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.